பின்பாரம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் இரவில் படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் என் தம்பி மகன் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தான். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்திருக்கிறான். கேம்பர் வேன் என்கிறான். பிச்சாவரம், தரங்கம்பாடி, கோடியக்கரை என்று கிளம்பிப் போய், வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து சைக்கிளில் சுற்ற வேண்டுமாம். நல்ல ஆசைதான். சைக்கிள் இரண்டையும் எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல்.

"பெரியப்பா, வெளிநாட்டுல பின்னாடி ஹிட்ச் ரிசீவர்னு ஒண்ணு மாட்டி, அதுல ரேக்கைச் செருகி சைக்கிளைத் தொங்கவிடறாங்க. நான் வெல்டிங் பட்டறைல கேட்டேன். பம்பர்லயே ஒரு குழாயை வச்சு அடிச்சுத் தரேன்னாரு. ஒரு மணி நேர வேலையாம்."

"பம்பர்லயா? வேணாம்டா தம்பி" என்றேன். ஏன் என்று கேட்டான். உடனே சொல்ல முடியவில்லை. வரலாற்று வாத்தியாரிடம் ஒரு 'ஏன்' கேட்டால் அவன் எங்கேயிருந்து தொடங்குவான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

சங்க காலத்திலிருந்தே தொடங்குகிறேன். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் உமணர். மேடும் பள்ளமுமான வழி, பாரமோ அதிகம். நடுவழியில் அச்சு முறிந்தால் ஆசாரியைத் தேட முடியாது. அதனால் கூடுதலாக ஓர் அச்சை எடுத்துச் சென்றார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஔவையார் இதை உவமையாக்குகிறார். புறநானூற்றில் 102-ஆம் பாட்டு. எனக்கு அதில் பிடித்த சேதி, அந்த அச்சை எங்கே கட்டினார்கள் என்பது. வண்டியின் பின்னால் தொங்கவிடவில்லை. அடிமரத்தின் கீழே சேர்த்துக் கட்டினார்கள். (அச்சு என்றதும் யாரும் அச்சாணிக் குறளைக் கமெண்டில் போட வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதியாயிற்று.)

கீழே கட்டியதற்குக் காரணம் என்ன என்பது மாட்டு வண்டி ஓட்டிய எவருக்கும் தெரியும். என் அம்மாவின் ஊர் சேத்தியாத்தோப்புக்குப் பக்கம். மாமா தை, மாசியில் நெல் மூட்டை ஏற்றிப் புவனகிரி வழியாகச் சிதம்பரத்துக்கு வண்டி ஓட்டுவார். பாரம் ஏற்றி முடித்ததும் உடனே மாட்டைப் பூட்டிவிட மாட்டார். நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனமாக அழுத்தினால் அது முன்பாரம், மாட்டின் கழுத்துக்கு வலி. தானாகவே மேலே எழும்பினால் பின்பாரம். பின்பாரம்தான் ஆபத்து. ஏர்க்கால் வானத்தைப் பார்க்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மேட்டில் ஏறும்போது மாடு அப்படியே அந்தரத்தில் தொங்கிப் போகும். கை அழுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பாரமாகத் தெரிய வேண்டும், அதுதான் சரியான கணக்கு. அதற்காக மாமா கடைசி மூட்டையை நாலு விரற்கடை முன்னே நகர்த்துவார், பின்னே நகர்த்துவார். நாங்கள் சிறுபிள்ளைகள் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவோம். சாட்டை பின்னால் சுழன்று வரும். 'இவ்வளவு பாரம் இழுக்கும் மாட்டுக்கு நாம் ஒரு பாரமா' என்று அப்போது கோபமாக வரும். நாங்கள் அமர்ந்த பாரம் அல்ல, தொங்கிய பாரம் என்பது அப்போது புரியவில்லை.

கொஞ்சம் கடல் தாண்டிப் போய்விட்டு வந்துவிடுகிறேன். 1885-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு காரியம் நடந்தது. கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும். இன்று நாம் ஓட்டுகிற சைக்கிளின் மூதாதை அது. அதே ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர், 'வாண்டரர்' என்று பெயரிட்ட ஒரு வீட்டு வண்டியில் இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்து வரை ஊர் சுற்றினார். இரண்டு குதிரை இழுத்த வண்டி. பிழைப்புக்காக இல்லாமல் உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று அதைச் சொல்கிறார்கள். அதில் ஒரு வேடிக்கை. அவருடைய பணியாள் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் வண்டிக்கு முன்னால் போய், 'பெரிய வண்டி வருகிறது, ஒதுங்குங்கள்' என்று எச்சரிப்பாராம். ஆக, கேம்பருக்கும் சைக்கிளுக்கும் உறவு பிறந்தபோதே உண்டு. அன்று சைக்கிள் முன்னால் போயிற்று, இப்போது பின்னால் தொங்கப் பார்க்கிறது.

நம் பக்கம் சைக்கிள் வெள்ளைக்கார அதிகாரிகளோடு வந்து, பிறகு வக்கீல், குமாஸ்தா, வாத்தியார் என்று இறங்கி வந்தது. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு சிதம்பரம் ஒரு சைக்கிள் ஊராகவே ஆகிவிட்டது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கி, ஹெர்குலிஸ் நம் ஊரிலேயே செய்யப்பட்ட பிறகுதான் சாதாரணக் குடும்பம் ஒன்று சைக்கிளை நினைத்துப் பார்க்க முடிந்தது. நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கிக் கட்டாவிட்டால் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள், இரவில் விளக்கு இல்லாவிட்டால் பிடிப்பார்கள். இதெல்லாம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் சைக்கிளையே இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய தேவை எப்போது வந்தது? வேலை ஓர் ஊரிலும் வீடு ஓர் ஊரிலும் ஆனபோது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சுமார் 45 கிலோமீட்டர். தினமும் மிதிக்க முடியாது. ஆனால் சிதம்பரத்தில் இறங்கிய பிறகு கிள்ளைக்கோ கீரப்பாளையத்துக்கோ உள்ளே போக சைக்கிள் வேண்டும். முதல் வழி ரயில். 1870-களிலேயே வந்துவிட்ட மீட்டர் கேஜ் பாதை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் சைக்கிளுக்குச் சாக்கு சுற்றி, பேர் எழுதிய அட்டை கட்டி, பார்சலில் பதிந்தால் பிரேக் வேனில் ஏற்றுவார்கள். பத்திரமான வழி, மெதுவான வழி. அந்தப் பாதை 2010-ல் அகலப் பாதையாகிவிட்டது.

இரண்டாவது வழி பஸ். பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். ஆளுயர இரும்பு அடுப்பு ஒன்றைப் பஸ்ஸின் பின்புறம் பொருத்தி, அதில் மரக்கரியைப் போட்டு எரித்து, வரும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்கு அனுப்புவது. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கலன்களைத் தயாரித்து விற்றது. என் அப்பா அந்த பஸ்களில் போனவர். காலையில் கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைப்பாராம், பாலத்து மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்களாம். கடைசி சீட்டில் உட்கார்ந்தவர் வேட்டி, கடலூர் வந்து சேரும்போது சாம்பல் நிறமாக இருக்குமாம். லண்டனில் இதே கலனைத் தனிச் சிறு வண்டியில் வைத்து, பஸ்ஸுக்குப் பின்னால் இழுத்துச் சென்றார்கள். எங்கே வைத்தாலும், எரிகிற நெருப்போடு அவ்வளவு எடையைத் தகரத்தில் திருகி மாட்ட முடியாது. கீழே ஓடுகிற சேஸ் சட்டம்தான் அதைத் தாங்க முடியும்.

போர் முடிந்தது, கரி பஸ் போனது. பின்பக்கத்தில் ஏணி மட்டும் மிச்சம். கூரை மேல் கேரியர். கிளீனர் ஏணியில் ஏறி, கீழேயிருந்து தூக்கிக் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். சைக்கிள் ஏற்றுவதில் ஒரு நேர்த்தி உண்டு. ஹேண்டில் நடு போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டிலைச் சட்டத்தோடு ஒட்டத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் புளியமரக் கிளையில் மாட்டும். பெடல் கீழ்ப்பக்கம் வராமல் படுக்க வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் மூன்று இடத்தில் கட்ட வேண்டும். இதற்கு லக்கேஜ் டிக்கெட். 1975-ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகும் இதே முறைதான். தனியார் பஸ்களும் அந்தத் தடத்தில் தொடர்ந்து ஓடின.

இனிமேல் சொல்லப் போவது நான் இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொல்லாதது.

1981 ஜூன். கிள்ளைப் பக்கம் எனக்கு முதல் வேலை. அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளோடு கடலூரில் ஒரு தனியார் பஸ் ஏறினேன். பலா சீசன். கூரை முழுக்கப் பண்ருட்டிப் பலாப்பழமும் முந்திரி மூட்டையும். மேலே இடமில்லை என்றார் கிளீனர். நாளை காலை பள்ளியில் சேர வேண்டும், எப்படியாவது ஏற்றுங்கள் என்று நான்தான் கெஞ்சினேன். அவர் சைக்கிளைப் பின் ஏணியில் மாட்டி, இருந்த ஒரு துண்டுக் கயிற்றால் கட்டினார். நானும் பார்த்தேன். கட்டு போதாது என்று கிராமத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாமல் இல்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பின்னால் ஒரு சத்தம். யாரோ பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். இறங்கி ஓடினேன். ஏணியின் மேல்பக்கத் திருகு இரண்டும் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. கயிறு அறுந்து சைக்கிள் ரோட்டில் கிடந்தது. அதன் மேல் இன்னொரு சைக்கிள், கவிழ்ந்த மீன் கூடை, ஒரு மனிதர். முதுநகர்த் துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போகிறவர். ஐம்பது வயது இருக்கும். இடது கை முழங்கைக்குக் கீழே பார்க்கக்கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. அவர் அழவில்லை. கெளுத்தி மீன் ரோட்டில் துள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு விசில் ஊதினார். நான் வளைந்த முன் ஃபோர்க்கோடு என் சைக்கிளைத் தூக்கி, பஸ்ஸுக்குள் நடுவழியில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அவர் பெயரைக் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு தடவையும் இறங்கி விசாரித்ததில்லை.

அந்த ஏணி மனிதன் ஏறுவதற்காகத் திருகப்பட்டது. ஏறி இறங்குகிற ஒரு நிமிஷத்துக்குத் தாங்கும். குண்டும் குழியுமான பாதையில் இருபது கிலோ தொங்கி, ஒவ்வொரு குழியிலும் எகிறி எகிறி விழுவதைத் தாங்காது. தகரத்தில் திருகியது தகரத்தோடு வந்துவிடும்.

காலப்போக்கில் பஸ்களில் கூரைக் கேரியரும் ஏணியும் மறைந்தன. பாதுகாப்புக்கு அது நல்லதே. ஆனால் அதோடு சைக்கிளைக் கூடக் கொண்டுபோகிற வழியும் மூடிப்போனது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 2000-களிலிருந்து அரசு பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிள் உண்டு, பஸ் உண்டு, இரண்டும் சேருவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1990-களிலேயே பஸ்களின் முன்பக்கம் இரண்டு சைக்கிள் மாட்டும் ரேக் வைத்தார்கள். முன்பக்கம் என்பதைக் கவனியுங்கள். கழன்றால் டிரைவர் கண்ணில் படும். சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரு மாநகர பஸ்கள் சிலவற்றிலும் அப்படி வைத்துப் பார்த்தார்கள். கடலூர் - சிதம்பரம் தடத்தில் ஒன்று வந்தால் முதல் டிக்கெட் நான் எடுப்பேன்.

சரி, தம்பி மகனின் ரிசீவருக்கு வருகிறேன். ரிசீவர் என்பது ஒரு சதுர இரும்புக் குழாய். அமெரிக்காவில் பெரும்பாலும் உள்ளளவு இரண்டு அங்குலம், சிறிய வண்டிக்கு ஒன்றேகால் அங்குலம். குறுக்கே ஒரு கனத்த கம்பி, அது வண்டியின் இரண்டு பக்கச் சேஸ் சட்டத்தோடும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். நடுவில் இந்தக் குழாய். சைக்கிள் ரேக்கின் தண்டை அதில் செருகிக் குறுக்கே ஓர் ஊசி மாட்டினால் முடிந்தது. கடையாணிதான், வேறென்ன! அங்கே கார் இழுத்துப் போகிற கேம்பர்களின் பின் பம்பர் மெல்லிய தகட்டுக் குழாய். அதில் ரேக்கை மாட்டி, பம்பரோடு சைக்கிளை நெடுஞ்சாலையில் பறிகொடுத்தவர்கள் நிறைய. கேம்பரின் பின்முனை காரைவிட அதிகமாகத் தூக்கிப் போடும் என்பதால், தங்கள் ரேக்கை அதில் மாட்டவே கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதிவைக்கின்றன. இழுத்துச் செல்லும் கேம்பரில் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு முன் கொக்கியில் அழுந்த வேண்டுமாம். பின்னால் பாரம் கூடி அது குறைந்தால் வண்டி வாலாட்டத் தொடங்கும். மாமா நுகத்தடியைத் தூக்கிப் பார்த்தாரே, அதே கணக்கு.

தம்பி மகனின் வேன் இழுத்துச் செல்லும் வண்டி இல்லை, தானே ஓடுவது. அதற்கும் கணக்கு உண்டு. என்னோடு வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியரைப் போனில் பிடித்தேன். சைக்கிள் இரண்டும் ரேக்கும் சேர்த்து 50 கிலோ என்று வை; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3 மீட்டர்; சைக்கிள் தொங்குவது பின் அச்சுக்கு 1.8 மீட்டர் பின்னால். அப்படியானால் பின் அச்சில் விழுவது 50 அல்ல, 80 கிலோ. முன் அச்சில் 30 கிலோ குறையும். வண்டி நிற்கும்போது இவ்வளவு. வேகத்தடையில் எகிறும்போது இதைப் பல மடங்காக்கிக்கொள் என்றார்.

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அனுமதித்த அளவைத் தாண்டிப் பாரம் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையக்கூடாது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கு என்று சொன்னேன். முகம் சுருங்கியது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் டார்ச் எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்தோம். (என் முதுகு இன்னும் பேசுகிறது.) பம்பரைத் தட்டிக் காட்டினேன், டின் சத்தம். அது இரண்டு சிறு பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே தள்ளி, சேஸ் சட்டம் இரண்டு பக்கமும் கனமாக ஓடுகிறது. அதில் தொழிற்சாலையிலேயே போட்ட துளைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, அடியில் சங்கிலியில் ஏற்றிக் கட்டியபடி ஸ்டெப்னி டயர். "பாத்தியா, சேம அச்சு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பரவாயில்லை, இந்தப் பதிவைப் படிப்பான்.

வெல்டிங் பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆர்.டி.ஓ. பதில் வந்த பிறகு, சேஸில் போல்ட் போடத் தெரிந்த பாடி கட்டும் இடத்தில் கேட்கலாம் என்று முடிவு. அதுவரை முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிள் இரண்டையும் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துக்கொள்கிறான். செயின் கிரீஸ் போர்வையில் ஒட்டுகிறது என்று அவன் மனைவி திட்டுகிறாள்.

வருகிற சனிக்கிழமை பிச்சாவரம் போகிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆலப்பாக்கத்தில் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். 1981-ல் கை முறிந்த மீன்காரர் ஒருவரைப் பற்றி ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம் பக்கத்தில் யாருடைய வீட்டிலாவது பேச்சு உண்டென்றால், இந்தப் பதிவைப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். கரி பஸ் போட்டோ யாரிடமாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள். பின்பக்கம் தெரிகிற மாதிரி எடுத்ததாக இருந்தால் ரொம்ப நல்லது.